கடைசி எட்டு சான்ட்விச்

– போனைப் பைக்குள்ள வை, நிஷானி. லைன் நகருது.

– ஒரு மெசேஜ் அப்பா. வேலை விசயம்.

– இண்டைக்கு உனக்கு லீவு. எங்கட நம்பர் என்ன?

– உங்களுக்கு எழுபத்தொண்டு, எனக்கு எழுபத்திரண்டு. ப்ளீஸ் அப்பா, வீட்ட போவம். மெல்பேர்ன் முழுக்கச் சாப்பாட்டுக்கடை இருக்கு.

– எங்கட மானத்தை வாங்கின ஸ்ரான்லி வாற கடை இது ஒண்டுதான், கண்டியோ.

– நீங்கள் வெளிச்சாப்பாடு வாயிலயே வைக்கிறேல்லை.

– தின்னவோ வந்தனான்? அவன் நம்பரைக் கையில பிடிச்சுக்கொண்டு வெறும் தட்டைப் பாக்கவேணும். அதைப் பாக்க வந்தனான். இத்தாலிக் கிழவன் பெப்பினோ இந்தக் கத்தரிக்காய் சான்ட்விச்சைத் ஈஸ்டருக்கு முந்தின தபசுகால வெள்ளியில மட்டும்தானே போடுறான்?

– ஓம். அண்டைக்கு இறைச்சி சாப்பிடாத ஆக்களுக்காக அவற்ர தகப்பன் தொடங்கினது. இப்ப ஊரெல்லாம் வருது. பன்னிரண்டு மணிக்கு முதலே முடிஞ்சிடும். ஆளுக்கு நாலுக்கு மேல குடுக்கமாட்டினம்.

– அதுக்குத்தான் உன்னையும் இழுத்துக்கொண்டு வந்தனான். நாலும் நாலும் எட்டு. இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?

– இன்ஸ்ரகிராமில கிடக்கு.

– உன்ர ஒஃபிஸ் அடுத்த தெருவில. அவன் வெள்ளிக்கு வெள்ளி இங்க வந்து ரெண்டு வாங்கிறானாம். ஒருநாளும் உன்ர கண்ணில படேல்லையோ?

– மத்தியானத்தில நான் பிஸி அப்பா.

– ரெண்டு, கண்டியோ! மனுசி டொறத்தி செத்து ரெண்டு வருசம். மகன் றெக்சன் பேர்த் நகரத்தில. அப்ப மற்றது ஆருக்கு? றோவில்ல இருக்கிற கணேசலிங்கம் ட்ராமில போகேக்க பாத்தவனாம். உந்த வாசல்ல போட்டிருக்கிற வாங்கில ஒரு பொம்பிளையோட இருந்து சாப்பிடுறானாம். அவளின்ர முதுகுதான் தெரிஞ்சதாம்.

– ஒருத்தர் ஒருத்தரோட இருந்து சாப்பிட்டா என்ன?

– என்னவோ? வாற ஞாயிறு பூசை முடிஞ்சு ஹோலில தேத்தண்ணி குடிக்கேக்க, எல்லாற்ர காதிலயும் விழக் கேப்பன். ஸ்ரான்லி, வெள்ளிக்கிழமைத் தபசு துணையோட நல்லாப் போகுதோ எண்டு.

– அப்பா! நாலு வருசம் முடிஞ்சுது. விடுங்கோவன்.

– எதை விடுறது? மூண்டு ஞாயிறு கோயில்ல கலியாண ஓலை வாசிக்கவேணும். இன்னாற்ர மகனுக்கும் இன்னாற்ர மகளுக்கும் கலியாணம், தடை தெரிஞ்சவை சொல்லுங்கோ எண்டு. முதல் ஞாயிறு வாசிச்சாச்சு. ரெண்டாம் ஞாயிறு வாசிச்சாச்சு. மூண்டாம் ஞாயிறு நான் புதுக் கோட்டுப் போட்டு முன்வாங்கில இருக்கிறன். பாதர் றெக்சன்ர பேரும் வாசிக்கேல்லை, உன்ர பேரும் வாசிக்கேல்லை. நேர காணிக்கைக்குப் போயிட்டார். முன்னூறு சனம் என்ர பிடரியைப் பாத்தது.

– தெரியும். பக்கத்தில நான் இருந்தனான்.

– வெளிய வந்து ஸ்ரான்லி என்ன சொன்னவன்? "எங்களுக்கு இந்தச் சம்பந்தம் சரிவரேல்லை." அவ்வளவுதான்! காரணமில்லை, மன்னிப்பில்லை. ஓலை வாசிச்சாப்பிறகு எங்கட குடும்பத்தில ஒருத்தரும் பின்வாங்கினதில்லை, கண்டியோ. மன்னாரிலயும் இல்லை, இங்கயும் இல்லை.

– அந்த வசனத்தை நான் முதலும் கேட்டிருக்கிறன்.

– இன்னும் கேள். கூப்பிடுறான். தட்டில எத்தினை கிடக்கு?

– பன்னிரண்டு. முன்னுக்கு நிக்கிற பச்சைத்தலைப் பெட்டை எத்தினை எடுக்கிறாவோ தெரியாது.

– நாலு எடுக்கிறாள். கர்த்தரே, ஸ்தோத்திரம்! மிச்சம் எட்டு. அங்க பார், கதவைத் திறந்துகொண்டு ஆர் வாறார் எண்டு.

– ஐயோ. மெசேஜைப் பாக்கேல்லையே...

– என்ன முணுமுணுக்கிறாய்? எழுபத்தொண்டு, நான்தான்! ஃபோர் ப்ளீஸ். சில்லி? யெஸ், யெஸ், போடு. நீயும் சொல்லு, பிள்ளை.

– ஃபோர், ப்ளீஸ்.

– எனக்கு உறைப்பு வேணுமோ எண்டு கேட்டவன். உனக்குக் கேக்காமலே போடுறான். பல்லைக் காட்டிச் சிரிக்கிறான் வேற.

– அவர் எல்லாருக்கும் சிரிக்கிறவர்.

– வணக்கம், யேசுராசா அண்ணை. பிள்ளை, சுகமோ?

– சுகம், அங்கிள்.

– அண்ணை எண்டு கூப்பிடாதையும், மிஸ்டர் ஸ்ரான்லி. உம்மட நம்பர் என்ன?

– எண்பத்தாறு. கடை முந்திப்போல இல்லை, சரியான சனம். அண்ணை இந்தப் பக்கம் வந்து நான் கண்டதில்லை.

– இனிக் காணுவீர். பெப்பினோ என்ன சொல்லுறான் எண்டு கேளும். ஃபினிஷ்ட்! தட்டை ஒருக்கா எட்டிப் பாரும். எண்ணெய் மட்டும்தான் கிடக்கு.

– சரி. முடிஞ்சால் முடிஞ்சதுதானே. போகட்டும்.

– ஏன் போகட்டும்? இந்தா, என்ர கையில நாலு, மகளின்ர கையில நாலு. உமக்கு ரெண்டுதானே வேணும்? ரெண்டாவது ஆருக்கு எண்டு நான் இப்ப கேக்கேல்லை. அது ஞாயிற்றுக்கிழமை.

– அப்பா, மெல்லமா. ஆக்கள் பாக்கினம்.

– பாக்கட்டும். அண்டைக்கு என்னையும் பாத்தவைதானே? பேப்பரைப் பிரி, நிஷானி. இவருக்கு முன்னால ஒரு கடி கடிக்கவேணும். ம்... ம்ம்.

– எப்பிடி அண்ணை?

– உறைக்குது. புளிக்குது. கத்தரிக்காய் வெளியால மொறுமொறு எண்டு, உள்ள வெண்ணெய் மாதிரி... நாசமாப் போனவன், நல்லாத்தான் செய்திருக்கிறான்.

– சீஸ் உருகிறதுக்கு முதல் சாப்பிடவேணும். அப்பதான் ருசி.

– எனக்குப் படிப்பிக்காதையும்! ஒரு பேரம். ரெண்டு சான்ட்விச் தாறன், சூடாத் தாறன். மூண்டாவது ஓலையை ஏன் நிப்பாட்டினனீர்? என்ர மகளில என்ன குறை கண்டனீர்? இதில வைச்சு, இவளுக்கு முன்னால சொல்லும்.

– பிள்ளையில ஒரு குறையும் இல்லை, அண்ணை. அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை.

– அப்ப குறை என்னிலயோ?

– அண்டைக்குச் சொன்னதுதான். எங்களுக்குச் சரிவரேல்லை.

– பிறகும் அந்த வசனம்! நாலு வருசத்தில வேற ஒண்டும் கண்டுபிடிக்கேல்லையோ?

– அங்கிள், சொல்லுங்கோ. பரவாயில்லை.

– நீ சும்மா இரு, பிள்ளை. அண்ணை, நீங்கள் ஆறமுதல் சாப்பிடுங்கோ. நான் வாறன்.

– பசியோடயோ போறீர்?

– தபசுகாலம்தானே. ஒருநாள் பசி கிடந்தால் ஒண்டும் இல்லை. போட்டு வாறன், பிள்ளை.

– பாத்தியோ, நிஷானி! குனிஞ்ச தலையோட போறான். நாலு வருசமா என்ர நெஞ்சில கிடந்த கல்லு இண்டைக்குத்தான் இறங்கினது. நீ ஏன் சாப்பிடாமல் நிக்கிறாய்?

– வேண்டாம்.

– அப்ப வா, உந்த வாங்கில இருப்பம். அந்தப் பொம்பிளை இப்ப வருவாள். அவளின்ர முகத்தையும் ஒருக்காப் பாத்திட்டுப் போனால்தான் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாய் வளமா இருக்கும்.

– அவ வரமாட்டா அப்பா.

– உனக்கென்னண்டு தெரியும்?

– ரெண்டாவது ஓலை வாசிச்ச அண்டு பின்னேரம், குசினியில வந்து உங்களிட்டச் சொன்னனான். எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் எண்டு. என்ன சொன்னீங்கள்?

– அப்பிடி ஒண்டும்...

– ஓலை வாசிச்சாப்பிறகு எங்கட குடும்பத்தில ஒருத்தரும் பின்வாங்கினதில்லை எண்டீங்கள். பிறகு ரீவியைப் போட்டீங்கள். நான் ஸ்ரான்லி அங்கிளிட்டப் போய் அழுதனான். அவர்தான் என்னைப் பாதரிட்டக் கூட்டிக்கொண்டு போனவர். பொம்பிளைப்பிள்ளை மறுத்தால் உன்ர கொப்பரால சனத்துக்கு முன்னால தலை நிமிர ஏலாது, பழி என்ர தலையோட போகட்டும் எண்டு சொன்னவர்.

– நிஷானி...

– வாங்கில இருந்து ஆரையும் பாக்கவேண்டாம் அப்பா. வெள்ளிக்கு வெள்ளி அவர் வாங்கிற ரெண்டாவது சான்ட்விச் எனக்குத்தான்.