மேசையில் ஒரே டப்பா

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளும் என் வயிறும் ஒன்று. கண்டதைப் போட்டால் ஏற்காது. தோட்டாவில் அடைக்கிற வெடிமருந்து மெதுவாக எரிந்தால் துப்பாக்கியின் பொறி கெடும், வேகமாக எரிந்தால் சுடுகிறவன் கெடுவான். நடுவில் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். மருந்தைப் பற்றவைக்கத் தோட்டாவின் அடியில் வைக்கிற கேப் கெட்டியாக இருக்க வேண்டும். கடைக்காரன் பேச்சை நான் நம்புவதில்லை, விற்கிறவன் விற்கத்தான் பேசுவான். புத்தகத்தையும் பாதிதான் நம்புவேன். எழுதினவன் என் துப்பாக்கியைப் பார்த்தானா?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டெபுடி ஷெரீஃப் ரென்ஃப்ரோ, நீங்கள் உங்கள் காகிதத்தில் ‘தவறுதலாக’ என்று எழுதியிருக்கிறீர்களாம். என் மகள் லவோன் படித்துச் சொன்னாள். அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லத்தான் இந்தப் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் தோட்டாவை அவனவனே வீட்டில் அடைத்துக்கொள்வான், அடுத்தவன் அடைத்ததை எவனும் தன் ரைஃபிளில் போட மாட்டான். கூடப்பிறந்தவன் அடைத்தாலும் மாட்டான். ஆரின் ஸ்கோக்ஸ்டாட் மட்டும் என் தோட்டாவைச் சுட்டான். கண்ணில் புரை விழுந்து, மருந்து நிறுக்கிற தராசின் முள் தெரியாமல் போன பிறகு என்னிடம்தான் வந்தான். சுடுதளத்தில் கிண்டல் செய்வார்கள்.

“என்ன ஆரின், உயில் எழுதியாச்சா?”

“எழுதிட்டேன். வென்டலுக்கு ஒண்ணுமே வைக்கல. என்னக் கொன்னு அவனுக்கு என்ன லாபம்?” என்று என்னைக் காட்டுவான்.

அப்படிப்பட்டவன் போன இலையுதிர் காலத்தில் என் கொட்டகைக்கு வந்தான். கையில் ஒரு தோட்டா. என் காதோரம் வைத்து ஆட்டினான்.

“இதுல மருந்தே இல்லடா.”

“ஒண்ணுதானே.”

“முன்னாடியும் ஒண்ணு வந்துச்சு. உனக்கு மறதி வந்துடுச்சு வென்டல். போதும், நிறுத்திக்கோ.”

“குருட்டுப்பய நீ, என்னைச் சொல்ல வந்துட்டியா?”

“குருடுன்னு தெரிஞ்சதும் நான் நிறுத்திட்டேன்ல.”

யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றான். லவோனிடம் சொல்லியிருக்கிறான். அவள் வந்து, “அப்பா, ஆரின் மாமா சொன்னாரு, தோட்டா அடைக்கிற மெஷின நாங்க எடுத்துட்டுப் போறோம்” என்றாள். குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குகிற குரல். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். கோதுமை நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அந்த மேசை ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதுவும் போனால் காலையில் எழுந்து நான் எங்கே போவது? இதை ஆரின் யோசிக்கவில்லை. அவனைக் குறை சொல்லவில்லை, யோசிக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

மெஷினை எடுக்க வருவதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டேன். “கடைசியா ஒரு பெட்டி அடைச்சுத் தரேன்” என்றேன். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். “சரிடா, சுடறேன்” என்றான்.

என் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கும். ஒன்றை மூடி அலமாரியில் வைக்காமல் அடுத்ததைத் திறந்ததில்லை. அன்றைக்கு இரண்டைத் திறந்தேன். முதலில் வேகமாக எரிகிற கைத்துப்பாக்கி மருந்தை மெஷினின் அளவைக் குழாயில் ஊற்றி ஒரே ஒரு தோட்டா அடைத்தேன். அதைப் பெட்டியின் கடைசி மூலையில் வைத்தேன். ஆரின் வரிசையாக எடுத்துச் சுடுகிறவன். மூலைக்கு வருவதற்குள் ஒரு நல்ல நாளைக்கு வேண்டிய அளவு சுட்டிருப்பான். அந்த அளவுக்கு அவனை நினைத்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் சரியான மருந்து. மறதிக்காரன் என்று சொன்னவன், நான் ஞாபகமாகச் செய்ததில் போகட்டும் என்று இருந்தது.

சுடுதளத்தில் நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பார்க்க மனம் வரவில்லை. சனிக்கிழமைக் கூட்டம், எல்லோரும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சத்தம் வேறு மாதிரி கேட்டது. மெதுவாக இறங்கிப் போனேன். வெடித்த ரைஃபிளின் பூட்டுத் துண்டு ஆரினின் கழுத்தில் ஏறியிருந்தது.

ஆக, கொன்றது நான். தெரிந்து, திட்டம் போட்டு. எழுதிக்கொள்ளுங்கள். ஏன் எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள்?

“பெரியவரே, அந்த மூலைத் தோட்டா பெட்டியிலயே இருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தோம், நீங்க சொல்ற மருந்துதான். ஆரின் அதைத் தொடவே இல்ல. வெடிச்சது அவரு சுட்ட முதல் தோட்டா. அதுக்கு அடுத்த ரெண்டுலயும் அதே கைத்துப்பாக்கி மருந்து கலந்திருக்கு. அளவைக் குழாய்ல மிச்சம் இருந்ததைக் கொட்டாம, ரைஃபிள் மருந்த அது மேலயே ஊத்தியிருக்கீங்க. மறந்துட்டீங்க.”

குழாயைக் கொட்டினேனா என்று கேட்கிறீர்கள். கொட்டியிருப்பேன். எத்தனையோ வருஷமாகக் கொட்டுகிறவன். கொட்டவில்லை என்றால் வேண்டுமென்றுதான் விட்டிருப்பேன். ஆமாம், இப்போது ஞாபகம் வருகிறது, முதல் தோட்டாவையும் நான் தெரிந்துதான் வைத்தேன். அப்படியே எழுதுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.