கேட் எப்போ திறக்குது

— யாரும் திறக்கலன்னா அது எப்படிங்க திறக்கும்? காத்து வந்து திறந்துச்சா, பூதம் வந்து திறந்துச்சா?

— கத்தாத. உள் ரூம்ல பாப்பா அழுதுட்டிருக்கா. மொதல்லேருந்து சொல்லு. நான் இப்பதான் வேலை முடிச்சு உள்ள நுழையுறேன், கையில இருக்கற பையைக்கூட இன்னும் கீழ வைக்கல.

— வைங்க. வெச்சிட்டு அந்த கேட்டை நல்லா பாருங்க. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவுல நீங்களே வாங்கிட்டு வந்து மாட்டினது. பட்டனை அமுக்கிட்டே மேல தூக்கினாத்தான் திறக்கும், சின்னக் குழந்தைங்க கையால முடியவே முடியாதுன்னு அன்னிக்கு எனக்குப் பெரிய பாடமே நடத்துனீங்க.

— இப்பவும் அதான் சொல்றேன். ஒன்றரை வயசுல அமுக்கத் தெரிஞ்சா தூக்கத் தெரியாது. தூக்கத் தெரிஞ்சா அமுக்கத் தெரியாது. ரெண்டையும் ஒண்ணா பண்ண மூளை இன்னும் வளரணும்.

— அப்போ அந்தக் குண்டுப் பய உருளை எப்படி உள்ள போனான்? அடுப்பு மேல பால் கொதிக்குது. பாத்திரத்தோட கைப்பிடியை எட்டிப் பிடிச்சிட்டான். இழுத்திருந்தா... அந்த நேரம் பாத்துத்தானா அவனைக் கூட்டிட்டுப் போக அவன் அப்பா வாசல்ல வந்து நிக்கணும்?

— அடக் கடவுளே. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?

— ஆகல. பாய்ஞ்சு தூக்கிட்டேன். அவன் அதை விளையாட்டுன்னு நினைச்சு 'இன்னொரு தடவை'ங்கற மாதிரி சிரிக்கிறான். அவன் அப்பாதான் சிரிக்கல. இது மூணாவது தடவைங்க. முன்னாடி ரெண்டு தடவையும் கேட் திறந்து கிடந்ததை நான்தான் பாத்து மூடினேன். அதனாலதானே போன வாரம் உங்களை ஆட்டிப் பாக்கச் சொன்னேன்.

— ஆட்டினேன், இழுத்தேன், ஒரு உதையும் குடுத்தேன். அசையலையே. அது சரி, இதுக்கு நம்ம பொண்ணு ஏன் அழுறா?

— அறைஞ்சிட்டேன்.

— என்னது?

— அவதானே சமையலறைப் பக்கம் இருந்தா? எட்டு வயசு, கையும் எட்டும், பட்டனும் தெரியும். ஏண்டி திறந்து போட்டேன்னு கேட்டா, 'நான் திறக்கல, நான் திறக்கல'ன்னு ஒரே சாதிப்பு. கண்ணு முன்னாடி கேட் திறந்து கிடக்குது, வாயில பொய். கை நீண்டுருச்சு.

— அந்த மனுஷன் முன்னாடியா?

— அவர் முன்னாடிதான். அவர் அதோட விட்டாரா? 'இந்தப் பொண்ணு சாயங்காலம் இந்த வீட்டுல இருந்தா என் பையனை நான் விடமாட்டேன். அவளை வேற எங்கயாவது வையுங்க. இன்னிக்கே முடிவு சொல்லுங்க'ன்னுட்டுப் போயிட்டார்.

— நீ என்ன சொன்னே?

— சரின்னேன்.

— சரின்னியா!

— வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அவர் போனா, அவர் சொல்லி வந்த பீரங்கிக் குட்டி வீட்டுக்காரங்களும் போவாங்க. இருக்கறதே ரெண்டு குழந்தைங்க. ரெண்டும் போனா நான் யாருக்குத் தாலாட்டு பாடறது, இந்த கேட்டுக்கா? உங்க தங்கச்சிகிட்ட பேசிட்டேன். நாளையிலேருந்து பாப்பா ஸ்கூல் விட்டு நேரா அவ வீட்டுக்குப் போகட்டும். நீங்க வர்ற வழியில கூட்டிட்டு வந்துருங்க.

— நல்லாயிருக்கு. குழந்தை பாத்துக்கற வீடுன்னு தெருவெல்லாம் பேரு. அந்த வீட்டுல நம்ம குழந்தைக்கு இடமில்ல.

— குத்திக் காட்டாதீங்க. இந்த வேலையை ஏன் வீட்டுக்குள்ள வெச்சேன்? இவ ஸ்கூல் விட்டு வர்றப்போ கதவு பூட்டிக் கிடக்கக் கூடாதுன்னுதானே? ஊர்ப் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்லுவாங்களே...

— தானா வளருதோ என்னவோ, தனியா வளருது.

— வந்துட்டார் நீதிபதி. கொழுகொழுன்னு நாள் பூரா உருண்டுட்டே இருக்கற உருளை, வாயைத் திறந்தா ஜன்னல் அதிர்ற மாதிரி கத்தற பீரங்கி. ஒருத்தனைப் பிடிச்சா இன்னொருத்தி வெடிப்பா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்க இருந்து பாருங்க.

— கோவிச்சுக்காத. ஒண்ணு சொல்றேன் கேளு. லிஃப்ட் ரிப்பேர் பாக்கற எங்களுக்கு, கதவு தானா திறக்குதுன்னு புகார் வரும். போய் நின்னா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஆளைக் கை காட்டுவாங்க. மேல் மாடிப் பசங்க, வாட்ச்மேன், பால் போடறவர். நாங்க யார் திறந்தாங்கன்னு கேக்கவே மாட்டோம். எப்போ திறக்குதுன்னுதான் கேப்போம். எப்போன்னு தெரிஞ்சா மிச்சத்தை அதுவே சொல்லிடும்.

— உங்க லிஃப்டைக் கொண்டாந்து என் சமையலறையில நிறுத்தாதீங்க.

— மூணு தடவைன்னியே. எப்போ எப்போ?

— சாயங்காலம்தான், மூணும். இவ ஸ்கூல் விட்டு வந்த அப்புறம். அதனாலதானே இவன்னு சொல்றேன்!

— வந்த உடனேயா?

— இல்ல... பீரங்கி தூங்கின அப்புறம். அவளைத் தொட்டில்ல போட நான் எழுந்து உள்ள போவேன். போட்டுட்டுத் திரும்பி வந்தா திறந்து கிடக்கும்.

— காலையிலயும் அவளைத் தூங்க வெச்சிட்டு எழுந்து போறியே, அப்போ?

— காலையில திறந்ததே இல்ல.

— எங்க உக்காந்து தூங்க வைப்பே?

— இங்கதான், கூடத்துல, கேட்டுல முதுகைச் சாச்சு. அவளை மடியில போட்டுக்கிட்டே உருளை மேலயும் ஒரு கண்ணு வைக்கணும்ல. அவ சங்கதிதான் தெரியுமே, நான் தலையைத் திருப்பினாக்கூட குண்டு போட்டுருவா. சிலை மாதிரி உக்காந்து, வாய்க்குள்ளயே பாடிட்டிருக்கணும்.

— கேட்டுலயா சாய்வே? அதை ஆணி அடிச்சு மாட்டலையே. நாலு மூலையிலயும் ரப்பர் கால் சுவத்தை அமுக்கிப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். சாஞ்சா ஆடுமே?

— காலையில ஆடும். கடகடன்னு ஆடி அவளையே எழுப்பிவிடும். சாயங்காலம் ஆடாது, சுவர் மாதிரி நிக்கும். நாள் முழுக்க என் முதுகுக்கு அந்த ஒரு நேரந்தான் ஓய்வு.

— என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு.

— முதுகுக்கு ஓய்வுன்னேன். அதுவும் பொறுக்கலையா?

— அது இல்ல. காலையில ஆடற கேட் சாயங்காலம் ஏன் ஆடல?

— எனக்கென்னங்க தெரியும். பகல் வெயில்ல இரும்பு இறுகியிருக்கும்.

— இரும்பு வெயில்ல இறுகாது, நீளும். இத்தனூண்டு கேட்டுல அதுவும் தெரியாது. இரு, பையில டார்ச் இருக்கு. இங்க குனிஞ்சு பாரு. கூடத்துப் பக்கம் கம்பியில பெயின்ட் மங்கியிருக்கு. அது உன் முதுகு தேய்ச்சது, சரி. சமையலறைப் பக்கமும் மங்கியிருக்கே, அது யார் தேய்ச்சது? அதுவும் உன் முதுகுக்கு ஒரு சாண் கீழ?

— அவ ஸ்கூல் சட்டை... முதுகுல கோடு கோடா ஒரு சாம்பல் கறை. துவைக்கறப்பெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்க்கறேன். கண்ட சுவத்துல சாயாதடின்னு திட்டிட்டிருக்கேன்.

— சுவத்துல ஏதும்மா கோடு?

— அவளைக் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டா வரமாட்டா.

— பாப்பா! இங்க வாடா. யாரும் திட்ட மாட்டாங்க. அப்பாவுக்கு ஒரு உதவி வேணும்.

— எல்லாரும் போயாச்சாப்பா?

— போயாச்சே. ஏன்டா?

— அவங்க போற வரைக்கும் அம்மாவுக்கு வேலை நேரம். கூப்பிடக் கூடாது, கேட்டைத் தாண்டக் கூடாது. நான் தாண்டலப்பா. திறக்கவும் இல்ல. சத்தியமா.

— நீ திறந்தியான்னு அப்பா கேக்கவே இல்லையே. ஸ்கூல் விட்டு வந்து எங்க உக்காருவே?

— சமையலறை மேசையில.

— அங்கயேவா?

— கொஞ்ச நேரம் அங்க. அம்மா பாட ஆரம்பிச்சதும் இங்க.

— எங்க? உக்காந்து காட்டு.

— இப்படி.

— ஓ, கேட்டுக்கு முதுகைக் குடுத்துட்டா? மேசையில இருந்தாலே பாட்டு கேக்குமேடா?

— கேக்காதுப்பா. அம்மா ரொம்ப மெதுவாப் பாடுவாங்க, பீரங்கிக்கு மட்டும் கேக்கற மாதிரி. முதுகை வெச்சாத்தான் கேக்கும். கம்பிக்குள்ள 'ங்ம்ம்'னு வரும். காதுல இல்ல, இங்க, முதுகுல.

— அடிப் பாவி... இத்தனை நாள் என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்திருந்தியா? ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டிருக்கலாமேடி.

— பீரங்கி முழிச்சுக்குவாளே.

— இந்தா, அழாதம்மா. அப்புறமா அழலாம். எனக்கு இன்னும் பாதிதான் புரிஞ்சிருக்கு. நீயும் உன் இடத்துல உக்காரு, மடியில குழந்தை இருக்கற மாதிரி. பாப்பா, நீ அந்தப் பக்கம். ரெண்டு பேரும் சாயுங்க. ம், இப்போ மேல பாருங்க. கேட்டைப் பூட்டற அந்த இரும்பு நாக்கு பள்ளத்துக்குள்ள கச்சிதமா உக்காந்திருக்கு. ஆட்டறேன். ஆடுதா?

— ஆடல.

— இது எங்க லிஃப்ட் கதையேதான். கயித்தோட ஒரு முனையில பெட்டி தொங்கினா, அடுத்த முனையில எதிர் எடை தொங்கும். லிஃப்ட்ல போறவங்க யாரும் அதைப் பாத்திருக்க மாட்டாங்க. ஆனா அது இல்லன்னா மோட்டார் திணறிப் போயிடும். சாயங்காலம் கேட் சுவர் மாதிரி நின்னதுக்கு வெயிலும் காரணமில்ல, இரும்பும் காரணமில்ல. நீ இத்தனை நாளும் இவ மேலதான் சாஞ்சிருக்கே. இப்போ நீ மட்டும் எழுந்திரு. தொட்டில்ல போடப் போற மாதிரி.

— எழுந்துட்டேன்.

— பாத்தியா! உன் எடை போச்சு. இவ எடை மட்டும் கேட்டைக் கூடத்துப் பக்கம் தள்ளுது. காலையில நீ மட்டும் சாயறப்போ அது எதிர்ப்பக்கம் ஆடும், ஆனா நாக்கு பள்ளத்தை விடாது. மேல் ரப்பர் கால் ஒரு நூல் நகர்ந்துடுச்சு, நாக்கு பள்ளத்தை விட்டு வெளிய வந்துடுச்சு. ஆனா கேட் திறக்கறது சமையலறைப் பக்கமா. இவ முதுகே அதை மூடிப் பிடிச்சிருக்கு. அதனால இவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பாப்பா, அம்மா எழுந்து போனதும் நீ என்ன பண்ணுவே?

— நானும் எழுந்து மேசைக்குப் போயிடுவேன். பாட்டுதான் நின்னுடுச்சே.

— எழுந்திரு, பாக்கலாம்.

— அப்பா! திறக்குது! நான் தொடவே இல்ல! அம்மா, பாருங்கம்மா, என் கை ரெண்டும் இங்க இருக்கு!

— பாத்தேன்டி. பாத்தேன்.

— இப்போ உருளை ஒத்தை விரலால தள்ளினாப் போதும், நேரா அடுப்புதான்.

— தினமும் உக்காந்திருக்காளே, இப்போ மட்டும் ஏங்க இப்படி?

— நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சாயச் சாய ரப்பர் கால் கொஞ்சம் கொஞ்சமாத் தளரும். இத்தனை நாள் தாங்குச்சு, இப்போ தாங்கல. நான் போன வாரம் உதைச்சுப் பாத்தேனே தவிர, உக்காந்து சாஞ்சு பாக்கல. சாயறதுக்காக கேட்டை யாரும் செய்யறதில்ல.

— பாப்பா, இங்க வா. எந்தக் கன்னம்?

— இது. இப்போ வலிக்கலம்மா.

— நீ பொய் சொல்லல. அம்மாதான் பாக்காம அடிச்சிட்டேன். அடுப்புல பாலைக் கொதிக்க விட்டுட்டுப் போனதும் நான்தான்.

— அம்மா, நான் அத்தை வீட்டுக்குப் போயிட்டா கேட் திறக்காதுல்ல? அப்போ உருளையும் வருவான்ல? நான் போறேம்மா. எனக்கு அழுகை வராது.

— போனைக் குடுங்க.

— இரு, யோசிச்சுப் பேசு. சுவத்துல துளை போட்டு நாலு போல்ட் இறுக்கினா யானை சாஞ்சாலும் அசையாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா அவர் கேக்கறது கேட் இல்ல, பொண்ணை அனுப்பச் சொல்றார். ஒத்துக்கலன்னா?

— உருளை போனா ரெண்டு நாள் அழுவேன். வேற குழந்தை வந்தாலும் வரும், வரலன்னாலும் போகட்டும். நீங்க டிரில்லை எடுங்க. ஹலோ, உருளை அப்பாவா? ஐயோ, மன்னிச்சுக்கங்க சார், உங்க பையனை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். ஆமா, சாயங்கால விஷயந்தான். கண்டுபிடிச்சிட்டோம். கேட்டை யாருமே திறக்கல சார், சாஞ்சு சாஞ்சு கழண்டிருக்கு. தப்பு எங்களோடது, என் பொண்ணோடது இல்ல. அவளை உங்க முன்னாடி அடிச்சதால, அடிச்சது தப்புன்னும் உங்ககிட்டயே சொல்லிடறேன். இல்ல சார், அவ எங்கயும் போகமாட்டா. இனிமே குழந்தைங்க இருக்கறப்போ அடுப்பு எரியாது. கேட்டை இப்பவே போல்ட் போட்டு இறுக்கறோம், காலையில நீங்களே சாஞ்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. என் பொண்ணு சாயங்காலம் கேட்டுக்கு இந்தப் பக்கம், கூடத்துல, என் முதுகுல சாஞ்சு உக்காந்து படிப்பா.