கத்தார் வழியாக வந்த சாவுச் செய்தி

கொட்டகலையிலிருந்து ஹட்டன் போகும் பஸ். மழைக்குக் கண்ணாடிகளையெல்லாம் மூடியிருந்ததால், முன் சீட்டுப் பெண்கள் இருவரின் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"பக்கத்து வீட்டு மாமா செத்துப்போனது, கத்தார்லருந்து எம்மகன் போன் பண்ணித்தான் எனக்கே தெரியும்" என்றாள் மூத்தவள்.

"ஒரே லயத்து வீடுங்கதானே அக்கா? நடுவுல ஒரு சுவருதானே?"

"நான் மலையில தேயிலைக் கொழுந்தெடுத்துக்கிட்டு நிக்கிறேன். அதுக்குள்ள அவரு மகன் டவுன்ல கம்ப்யூட்டர் கடைக்குப் போயி, போட்டோவோட நெட்டுல போட்டுட்டான்."

"வீடு வீடா ஆள் விட்டுச் சொல்லலையா?"

"கேட்டா, அதான் எல்லாரும் பாத்துட்டாங்களேங்கிறான். ஊர்ப்பட்ட பேரு வருத்தம் எழுதியிருக்காங்களாம். பொணத்தத் தூக்கத்தான் ஆளு பத்தல. பக்கத்துத் தோட்டத்துலருந்து கூட்டிக்கிட்டு வந்தாங்க."

இளையவள் உச்சுக்கொட்டினாள்.

"கொடுமைதான். நீங்க போயி அந்த மாமிகிட்ட துக்கம் விசாரிச்சீங்களா?"

"இல்ல. அம்மாவும் ரொம்ப வருத்தப்படுறாங்கன்னு எம்மகன் அங்கருந்தே எழுதிட்டானே. அப்புறம் எதுக்கு?"