எட்டு லிட்டர் இருபது-ஐம்பது

எஞ்சின் எண்ணெயைச் சூடு ஆறுவதற்குள் வடித்துவிட வேண்டும், ஐயா. வண்டி வந்து நின்ற கால் மணி நேரத்துக்குள் வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். ஆறவிட்டால் அடியிலேயே படிந்துவிடும். ஜெர்மனியில் பதினோரு வருடம் ஒரு பெரிய பணிமனையில் வேலை பார்த்தேன். அங்கே இதை யாருக்கும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டி வந்ததில்லை. சொந்த ஊரான ஷ்கோட்ராவுக்குத் திரும்பி வந்து சொந்தமாகக் கடை போட்டபிறகு, இதையே தினமும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். வண்டியைக் காலையில் விட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு, அங்கேயே மதியச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு வந்து, "இன்னும் ஆரம்பிக்கலயா?" என்று கேட்பார்கள்.

நீங்கள் எழுதுகிறீர்கள் என்பதால் மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் டோனின். வயது ஐம்பத்து மூன்று. பாஷ்கோ என் தங்கை லூலேயின் கணவன். மலைக்கு அந்தப் பக்கம் தெத் கிராமத்தில் பதினான்கு அறை விடுதி நடத்துகிறான். நான்கு வருடத்துக்கு முன்னால் மியூனிக்கிலிருந்து ஒரு வண்டி வாங்கி வந்தான். கறுப்பு நிறம், மூன்று லிட்டர் டீசல், ஏழு இருக்கை, பழுப்புத் தோல் உறை. வந்தபோது தொண்ணூறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தேன். அப்படி ஒரு எஞ்சின் என் கடைக்கு அதுவரை வந்ததில்லை.

அந்த மாதிரி எஞ்சினுக்கு எந்த எண்ணெய் என்பதை வண்டி செய்தவர்களே கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்து-முப்பது, இளகிய ரகம். அதிலும் எல்லா ஐந்து-முப்பதும் ஆகாது. அவர்கள் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டதற்கு ஒரு எண் கொடுத்திருப்பார்கள். அது கேனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நம் ஆட்கள் முன்பக்கத்தில் பந்தயக் கார் படம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். நான் பாஷ்கோவுக்குக் கையேட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன், கேனைத் திருப்பி எண்ணைக் காட்டினேன், இரண்டும் ஒன்றுதான் என்று விரல் வைத்துக் காட்டினேன். அவன் தொலைபேசியில் யாருக்கோ வண்டியின் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தான்.

"சரி மச்சான், நீ ஊத்து," என்றான்.

ஊற்றினேன். எட்டு லிட்டர். அந்த வண்டியின் உள்ளே சரியான எண்ணெய் போனது அந்த ஒரு தடவைதான்.

அவனுக்கு ஆலோசகர்கள் இருந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள காபிக் கடையில் காலை முழுவதும் அந்தச் சபை நடக்கும். தலைவர் லாஸர், ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். பழைய அரசாங்கத்தில் முப்பது வருடம் சீன லாரி ஓட்டியவர். அவர் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, அதில் ஒட்டிய எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, "இது எண்ணெயா, தண்ணியா? இவ்ளோ பெரிய வண்டிக்கு இது எப்படிப்பா தாங்கும்?" என்று கேட்டாராம். அதோடு பாஷ்கோவின் தூக்கம் போய்விட்டது. பெரிய வண்டிக்குக் கெட்டியான எண்ணெய், சின்ன வண்டிக்கு இளகிய எண்ணெய். அவர்களுடைய விஞ்ஞானம் அவ்வளவுதான்.

நான் காபிக் கடைக்கே போய் விளக்கிச் சொன்னேன். இந்த எஞ்சினுக்குள் எண்ணெய் போகும் வழிகள் ஊசி நுழையும் அளவுதான், கெட்டி எண்ணெய் மேலே ஏறிப் போய்ச் சேர்வதற்குள் இரும்பும் இரும்பும் உரசிவிடும் என்றேன். லாஸர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "டாக்டர், எங்கிட்ட ஒரு கழுதை இருக்கு. வயசாயிடுச்சு. அதுக்கு ஐந்து-முப்பதா, பத்து-நாப்பதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாஷ்கோதான் அதிகம் சிரித்தான். அன்று முதல் என் பெயர் டாக்டர் ஆகிவிட்டது. சாலையைக் கடக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் கூட அப்படிக் கூப்பிட்டார்கள்.

அடுத்த மூன்று வருடம் அவன் வேறு இடங்களில் எண்ணெய் மாற்றினான். சில சமயம் மாற்றாமலே ஓட்டினான். எஞ்சினில் சத்தம் வந்ததும் என்னிடம் வந்தான். வந்தவன் என்ன சொன்னான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். "நீ மொதல்ல ஊத்துன தண்ணியிலதான் இது கெட்டுப்போச்சு," என்றான். அதையே காபிக் கடையிலும் சொன்னான்.

நான் வண்டியைத் தூக்கி, அடிப்பாத்திரத்தைக் கழற்றினேன். எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதில் பாதிக்கு மேல் கரிப்பசை அடைத்திருந்தது. அவனைக் கூப்பிட்டு, விளக்குப் பிடித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கழுவி எடுக்க இரண்டு நாள் ஆகும் என்றேன். விடுதிக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், இரண்டு நாளெல்லாம் முடியாது, மூடிவிடு என்றான். மூடிவிட்டேன்.

என் பேச்சைக் கேட்டு நடந்தது லூலே ஒருத்திதான். அவளிடம் ஒரு பழைய சின்ன வண்டி இருந்தது. தானே கேனைத் திருப்பிப் பின்பக்கம் படிப்பாள். "அண்ணா, இதுல கடைசி எண் வேற மாதிரி இருக்கே," என்று ஒரு தடவை கடையிலிருந்து போன் செய்து கேட்டாள். நான் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

இனி மே மாதத்துக்கு வருகிறேன். அது செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பாஷ்கோ வந்தான். வண்டியில் லாஸரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள். பாஷ்கோ பின்கதவைத் திறந்து இரண்டு தகர டின்களை எடுத்து என் மேசை மேல் வைத்தான். லாரிக்குப் போடும் கெட்டி எண்ணெய், இருபது-ஐம்பது.

"டாக்டர், இன்னைக்கு மருந்து நாங்க கொண்டு வந்திருக்கோம். நீ ஊசி மட்டும் போடு," என்றான்.

வண்டியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அந்த டின்னைத் திருப்பிப் பார்த்தேன். அந்த எஞ்சின் பிறப்பதற்கு முன்பே வழக்கொழிந்துபோன ரகம். "பாஷ்கோ, இத ஊத்தினா எஞ்சின் இறுகி நின்னுடும்," என்றேன். அமைதியாகத்தான் சொன்னேன்.

"ஊத்து. நான் பொறுப்பு," என்றான்.

லாஸரும் மற்ற இருவரும் இதற்குச் சாட்சி. நீங்கள் அவர்களை விசாரிக்கலாம். அவன் பொறுப்பு என்று சொன்ன வேலையைத்தான் நான் செய்தேன், பழையதை வடித்துவிட்டு அதில் எட்டு லிட்டர் ஊற்றினேன். வடிகட்டியை மாற்றச் சொல்லவில்லை, மாற்றவில்லை. சல்லடையைக் கழுவச் சொல்லவில்லை, கழுவவில்லை. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு சில நாட்களாக அவ்வப்போது மினுங்குகிறது, எரிச்சலாக இருக்கிறது, அதை அணைத்துவிடு என்றான். கணினியை மாட்டி அந்த எச்சரிக்கையை அணைத்தேன்.

இல்லை. இதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். விளக்கைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் காபி குடிக்கப் போயிருந்தபோது நானாகத்தான் அணைத்தேன். விளக்கு எரிந்தால் அவன் வண்டியை நிறுத்திவிடுவான், யாராவது வந்து எண்ணெயை மாற்றிக் கொடுப்பார்கள், எஞ்சின் தப்பிவிடும். பிறகு அவன் காபிக் கடையில் உட்கார்ந்து, "பாத்தியா, ஒண்ணும் ஆகல," என்பான். அது நடக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்தது அவ்வளவுதான்.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன். வண்டி சமவெளியில் ஓடும்போது தாங்கும். தெத்துக்குப் போகும் வழியில் போகா ஊரைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் எஞ்சின் திணறும். பத்துப் பன்னிரண்டு வளைவுக்குள் இறுகி நின்றுவிடும். ஏற்றத்தில் நின்றால் ஆபத்தில்லை. பாஷ்கோ சாலையோரம் கல் மேல் உட்கார்ந்து எனக்குப் போன் செய்வான். "டோனின், நீ சொன்னது சரி," என்பான். டாக்டர் என்று சொல்ல மாட்டான். அந்தக் குரலை நான் இரண்டு நாட்களாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் லூலே. பாஷ்கோ விடுதி உரிம விஷயமாகத் தலைநகர் டிரானாவுக்குப் பேருந்தில் போயிருந்தான். அவளுடைய சின்ன வண்டியில் விடுதிக்கு வாங்கிய மெத்தைகள் கொள்ளாது என்பதால் இதை எடுத்து வந்திருந்தாள். பின்னால் கூரை வரை மெத்தையும் போர்வையும் அடுக்கியிருந்தது. எனக்குக் கீரை வைத்துச் சுட்ட புரெக் அப்பம் ஒரு துண்டு, தாளில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள்.

"அண்ணா, சத்தம் ஒரு மாதிரி இருக்கு. மலை ஏறணும், ஒரு தடவ பாத்துடேன்," என்றாள்.

நான் மூடியைத் திறந்தேன். குனிந்து காது கொடுத்தேன். மேல் பகுதியில் எண்ணெய் போய்ச் சேரவில்லை என்பது அந்தத் தட்டல் சத்தத்திலேயே தெரிந்தது. என் தொழிலில் அதைத் தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். நான் இரண்டு நிமிடம் கேட்டேன்.

"விளக்கு ஏதாவது எரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"இல்லயே."

"அப்ப ஒண்ணுமில்ல. புது எண்ணெய். ஓட ஓடப் பழகிடும்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். என் பேச்சைக் கேட்கிறவள் என்று சொன்னேன் அல்லவா.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பாஷ்கோவுக்குப் போன் செய்திருப்பாள். அவன், டாக்டர் பொறாமையில் பேசுகிறார் என்று சொல்லிச் சிரித்திருப்பான். வண்டி வேறொரு கடைக்குப் போயிருக்கும். எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். தவிர, ஏற்றத்தில்தான் நிற்கும் என்ற என் கணக்கில் எனக்கு நம்பிக்கை இருந்தது. போன் பாஷ்கோவிடமிருந்து வராமல் அவளிடமிருந்து வரும். அந்த ஒரு வித்தியாசம்தான் என்று எண்ணினேன்.

கணக்கு எட்டு கிலோமீட்டர் பிசகியது. அன்று குளிர்ந்த காற்று. அவள் பாஷ்கோவைப் போல மிதித்து ஓட்டுகிறவளும் இல்லை. நிதானமாக ஏறியதால் எஞ்சின் கணவாய் வரை தாங்கிவிட்டது. அந்தப் பக்கம் இறங்கும்போது மூன்றாவது வளைவில் இறுகியது. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இரண்டு மிதிக்குப் பிறகு இறங்காது. அங்கே தடுப்புச் சுவர் இல்லை. கீழே நூற்று நாற்பது மீட்டர் பள்ளம் என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள்.

அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. ஒருவர் சாலையைக் குறை சொன்னார். ஒருவர் அவள் விதி என்றார். லாஸர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எஞ்சின் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் போக்குவரத்துப் பிரிவின் அறிக்கை வந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நான் கிளம்பி உங்களிடம் வந்தேன். என் தங்கைமேல் அப்படி ஒரு பழி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? எஞ்சினை மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். அடிப்பாத்திரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். அதில் இருக்கும் எண்ணெயை ஒரு குப்பியில் எடுத்து, விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது கொடுங்கள்.

நேற்று பாஷ்கோ என்னைப் பார்க்க இந்தக் காவல் அறைக்கு வந்திருந்தான். உங்கள் ஆட்கள் கால் மணி நேரம் அனுமதித்தார்கள். சவரம் செய்யவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"சத்தம் ஒரு மாதிரி இருக்குன்னு அவ உங்கிட்ட சொன்னாளா, டோனின்?" என்று கேட்டான்.

"சொன்னா," என்றேன்.

"நீ கேட்டியா, அந்தச் சத்தத்த?"

"கேட்டேன்."

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. நான் காத்திருந்தேன். காவலர் நேரமாகிவிட்டது என்றதும் எழுந்தான். கதவுவரை போய், திரும்பி என்னைப் பார்த்தான். இப்போதாவது கேட்பான் என்று நானும் எழுந்து நின்றேன்.

கேட்கவில்லை, ஐயா. இவ்வளவும் நடந்தபிறகும், அந்த வண்டிக்கு எந்த எண்ணெய்தான் சரி என்று அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.