ஆறாம் மாசத்து வளைகாப்பு

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகும் சாயங்கால பஸ். முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள், ஒரே தனியார் பள்ளியின் அடையாள அட்டையோடு. ஜன்னலோரத்தில் இருந்தவள் கர்ப்பிணி. இரண்டு கையிலும் முழங்கை வரை புதுக் கண்ணாடி வளையல்.

“ஆறாம் மாசத்துல யாராச்சும் வளைகாப்பு போடுவாங்களாக்கா? ஏழு, ஒம்பதுன்னு ஒத்தப்படையிலதானே போடுவாங்க?” என்றாள். கண்டக்டரிடம் சில்லறை வாங்கவும் மறந்து காதைக் கொடுத்தேன்.

“நம்ம கரஸ்பாண்டென்ட் சாக்பீஸுக்கே கணக்குப் பாக்குற ஆளு. அவரு செலவுல ஸ்கூல்லயே வளைகாப்பு, அஞ்சு வகை சாதம்னதுமே எனக்கு சந்தேகம்தான்,” என்றாள் மூத்தவள்.

“ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு அம்மா வீட்டுல போய் ரெஸ்ட் எடும்மா, குழந்தை பொறந்ததும் திரும்ப எடுத்துக்கறோம்ங்கறாரு.”

“எழுதிக் குடுத்துடாதடி. லீவுல போனீன்னா ஆறு மாசம் சம்பளம் குடுத்தாகணும், சட்டம். நீயா நின்னுட்டா ஒண்ணும் தர வேணாம். போன வருஷம் தமிழ் மிஸ்ஸுக்கும் இப்படித்தான் வளையல் போட்டாங்க. அவங்கள திரும்ப எடுத்தாங்களா?”

பஸ் பாலம் ஏறி இறங்கியது.

“வளைகாப்பு போட்டு அனுப்புறவங்க புகுந்த வீட்டுக்காரங்க சார், அத்துவிட்டா அனுப்புவாங்க, லீவே குடுங்கன்னேன்.”

“அதுக்கு?”

“சிரிச்சாரு. நாளைக்குக் காலையில காரே அனுப்புறேன், அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவாங்கன்னாரு.”

“பாத்தியா! நீ என்ன சொன்ன?”

“நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் பீரியட் இருக்கு, கார் ஸ்கூலுக்குத்தானே சார் வரும்னு கேட்டேன்.”