கைப்பிடி இல்லாத நாற்பத்தாறு ஜன்னல்கள்

மேடையில் வீற்றிருக்கும் மாண்புமிகு துணை மேயர் கைரோல்லா அவர்களே, இந்தக் கட்டடத்துக்குப் புது ஜன்னல்கள் பொருத்திய ஒப்பந்ததாரர் போலத்கான் அவர்களே, பண்பாட்டுத் துறைப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் மகள் தனகோஸ் அவர்களே, கோட்டைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருக்கும் நகர மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் குளிருக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. உள்ளே அவ்வளவு இல்லை, ஆனாலும் பேசும்போது வாயிலிருந்து ஆவி வருகிறது. கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனை அணைக்கச் சொன்னது நான்தான். துணை மேயர் அவர்கள் படியேறும்போதே என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார்: "ஏம்ப்பா தோக்தார், அஞ்சலி செலுத்த வந்தவங்களையும் அந்தம்மா கூடவே அனுப்பி வெக்கலாம்னு பாக்குறியா?"

இந்தக் கட்டடத்துக்குள் இருப்பவர்கள் செத்துப்போகலாம் என்ற கவலை மேலிடத்துக்கு வந்துவிட்டது. வரவேற்கிறேன். நாற்பது நாள் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். கொதிகலன் ஏன் எரியவில்லை என்பதற்கு விளக்கம் சொல்வதுதான் இன்று என் இரங்கல் உரை.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? நகரத்தின் பழங்கட்டட ஆய்வாளர், முப்பத்தோரு ஆண்டு அரசு ஊழியர், கட்டடக் கலைஞர் கலம்காஸ் ஜூனுசோவா அவர்களுக்காக! அதில் பதினேழு ஆண்டுகள் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த பொறியாளர் நான். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைப் பெரும்பாலும் "ஏய், கையெழுத்து" என்று கூப்பிடுவார். எதைக் காட்டினாலும் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்பது அவர் கணிப்பு. தவறான கணிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பழைய கட்டடத்தில் புதுப் பொருள் எதுவும் வரக்கூடாது என்று அடம்பிடித்தவர் என்று கலம்காஸ் அக்காவைப் பற்றி இங்கே எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். பணிவோடு மறுக்கிறேன். பொய்! இந்த வீடு ஒரு தோல் வணிகருக்காகக் கட்டப்பட்டது. பிறகு தந்தி அலுவலகமாக இருந்தது, பிறகு அனாதை விடுதி, பிறகு பதினைந்து வருடம் புறாக்களுக்கு வீடு. இதை இடிக்கலாம் என்று எல்லோரும் சொன்னபோது, இங்கே பிள்ளைகளின் இசைப்பள்ளி வரட்டும் என்று எழுதிக் கொடுத்தது யார்? பழைய ஜன்னல்கள் உளுத்துவிட்டன, புது ஜன்னல் வேண்டும் என்று முதலில் சொன்னதும் அவர்தான். புது ஜன்னலின் வரைபடத்தையும் அவரே போட்டார். மரச்சட்டம், இரட்டைக் கண்ணாடி, மேலே பழையபடி அரைவட்ட வளைவு, மூலையில் கையகலத்துக்குத் தனியாகத் திறக்கிற குட்டிக் கதவு. மைனஸ் நாற்பது டிகிரி குளிரிலும் நம் வீடுகளில் அந்தக் குட்டிக் கதவைத் திறந்துவைக்கிறோமே, எதற்கு? வேடிக்கை பார்க்கவா? அடுப்பு மூச்சுவிட!

தச்சுப் பட்டறை ஐந்து மாதம் கேட்டது. தலைநகரிலிருந்து ஒரு விருந்தினர் ஐந்து வாரத்தில் வருவதாக இருந்தது. ஆகவே பிளாஸ்டிக் ஜன்னல் என்று முடிவாயிற்று. விருந்தினர் கடைசிவரை வரவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

போலத்கான் அவர்கள் அளவெடுக்க வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். நுழைவாயிலுக்குப் பக்கத்து ஜன்னலில் டேப்பைப் பிடித்தார், குறித்துக்கொண்டார், டேப்பைச் சுருட்டினார், கிளம்பினார். அக்கா குறுக்கே நின்றார்.

"மிச்சம் நாப்பத்தஞ்ச யாரு அளப்பா?"

"அக்கா, எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. ஒண்ண அளந்தா போதாதா?"

"உங்கிட்ட எத்தன பேரு வேல செய்யறாங்க?"

"பதினோரு பேரு."

"ஒருத்தன் கால அளந்து பதினோரு ஜோடி பூட்ஸ் வாங்குவியா?"

"காலும் ஜன்னலும் ஒண்ணாக்கா?"

"கால் அளவு தப்பினா அவன் நொண்டுவான், உனக்குத் தெரிஞ்சிடும். சுவரு சத்தம் போடாது. நூத்தி முப்பது வருஷமா உக்காந்திருக்கு. ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு பக்கமா சாஞ்சிருக்கு. உனக்கே இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சிருக்கு, பாரு."

எல்லோரும் சிரித்தோம். போலத்கானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், ஒரு ஜன்னலின் அளவை நாற்பத்தாறால் பெருக்கி ஆர்டர் கொடுத்தார்.

வந்தவை எதிலாவது பொருந்தினவா? ஒன்றில் பொருந்தியது. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருப்பதில். அகலம் போதாத இடத்தில் செங்கல்லைக் கொத்தினார்கள். அகலம் மிஞ்சிய இடத்தில் காய்ந்ததும் கெட்டியாகிற நுரையைப் பீய்ச்சி அடைத்தார்கள். அரைவட்ட வளைவுகள் எல்லாவற்றையும் வெள்ளைப் பலகையால் மூடினார்கள். தலையைத் திருப்பிப் பாருங்கள். இமை இல்லாத கண் பார்த்திருப்பீர்கள். மேல்பாதிக்குக் கட்டுப் போட்ட கண் இதுதான்.

அழகு போனால் போகட்டும், அக்கா அதற்கு மட்டும் சண்டை போட்டிருந்தால் இன்று நானும் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பேன். நவம்பரில் கொதிகலன்காரர் பியோதர் வந்தார். அவரும் இதோ கடைசி வரிசையில் இருக்கிறார்.

"அக்கா, புகை மேல ஏற மாட்டேங்குது. அடுப்பு வாய்க்கே திரும்பி வருது. இந்த வீடு மூச்சப் புடிச்சிட்டு உக்காந்திருக்கு."

அக்காவுக்கு அந்த நிமிடமே புரிந்தது. பழைய ஜன்னல்களின் இடுக்குகளில்தான் இந்த வீடு காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கித்தான் நிலவறையில் நிலக்கரி எரிந்தது, புகை புகைபோக்கியில் ஏறியது. நுரை எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டது. குட்டிக் கதவும் கிடையாது. அப்படியானால் புகை எங்கே போகும்? உள்ளே இருப்பவர்களிடம் போகும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. குளிர்காலம் தவறாமல் யாராவது ஒருவர் வீட்டில் அது வந்துபோகிற ஊர் இது. உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"ஜன்னலையாவது தொறந்து வெப்போம்" என்றார் அக்கா. திறக்கப் போனால் ஒரு ஜன்னலிலும் கைப்பிடி இல்லை. போலத்கானைக் கூப்பிட்டார்.

"கைப்பிடியெல்லாம் எங்கப்பா?"

"பெட்டியில பத்திரமா இருக்கு அக்கா. இப்பவே மாட்டினா பெயின்ட் அடிக்கிறவங்க கையெல்லாம் படும். திறப்பு விழா அன்னைக்குக் காலைல மாட்டிடறோம், பளபளன்னு இருக்கும்."

"அதுவரைக்கும் காத்து வேணும்னா?"

"கதவத் தொறந்துக்குங்க."

கதவு தாழ்வாரத்துக்குத் திறக்கிறது. தாழ்வாரம் கொதிகலன் அறையின் படிக்கட்டுக்குத் திறக்கிறது. நல்ல ஏற்பாடு!

வேலை சரியாக முடிந்தது என்று சான்று சொல்லும் கட்டட ஏற்பு ஆவணத்தில் கையெழுத்துப் போட அக்கா மறுத்தார். துணை மேயரின் அறையில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"ஏங்க, நீங்க நகரத்துக்கு ஊழியரா, ஜன்னலுக்கு வக்கீலா?"

"ஜன்னலுக்கு வேற வக்கீல் கெடைக்கலீங்க."

"அவ்வளவு பாசம்னா அங்கயே போய் உக்காருங்க. நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம்."

மறுநாள் உத்தரவு வந்தது. பணிகளை அருகிலிருந்து மேற்பார்வையிடும் பொருட்டு ஆய்வாளரின் அலுவலகம் இந்தக் கட்டடத்துக்கு மாற்றப்படுகிறது. அந்த உத்தரவிலும் இரண்டாவது கையெழுத்து வேண்டியிருந்தது. யாருடையது? சொல்ல வேண்டுமா? "ஏய், கையெழுத்து" என்று அவர் என்னை அன்று கூப்பிடவில்லை. பெட்டியில் தன் பொருள்களை அடுக்கிக்கொண்டு, "ஸ்கேல் உன்னுதா, என்னுதா?" என்று மட்டும் கேட்டார். அவருடையதுதான்.

இங்கே தனக்குக் கொடுத்த அறையிலிருந்து அவர் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். முதல் கடிதம் பரிசீலனைக்கு ஏற்கப்பட்டது. இரண்டாவது, முதலாவதோடு இணைக்கப்பட்டது. ஒரு சனிக்கிழமை நண்பகலில் பியோதர் தேநீர் கொண்டுபோனபோது, அக்கா மேசைமேல் கையை மடித்துத் தலைவைத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறார் பியோதர். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் தேநீர் அப்படியே இருந்தது.

ஜன்னலை உடைத்திருக்கலாமே என்று என்னிடம் ஒருவர் கேட்டார். இந்தப் புகை ஆளை எழுப்பி எச்சரித்துவிட்டா கொல்கிறது? உடைக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்பே உறக்கம் வந்துவிடும்.

இதயம் நின்றதால் மரணம் என்று சான்றிதழ் சொல்கிறது. மறுக்க மாட்டேன். இறந்த எவருடைய இதயமும் நின்றுதான் இருக்கும். மறுநாள் காலை விசாரணைக் குழு வந்தபோது அக்காவின் அறை ஜன்னலில் கைப்பிடி இருந்தது! மற்ற நாற்பத்தைந்திலும் இல்லை. அந்த ஒன்றில் மட்டும், பளபளவென்று. குழுவினர் திறந்து பார்த்தார்கள், திறந்தது. மூடிப் பார்த்தார்கள், மூடியது. திருப்தியோடு குறித்துக்கொண்டார்கள். இரவோடு இரவாகக் கைப்பிடி முளைக்கிற வகை ஜன்னல் என்று நானும் திருப்தி அடைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கடிதத்துக்குப் பதில், அவரை அடக்கம் செய்த பத்தாம் நாள் வந்தது. "மதிப்பிற்குரிய கலம்காஸ் ஜூனுசோவா, தாங்கள் நேரில் வந்து விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." வராவிட்டால் கோப்பு மூடப்படுமாம். அவர் வரவில்லை. கோப்பு மூடப்பட்டுவிட்டது.

இன்று காலை தனகோஸ் என்னிடம் சொன்னாள்: "மாமா, அம்மாவ ரொம்பப் புகழாதீங்க, அவங்களுக்குப் பிடிக்காது. பொய் மட்டும் சொல்லாதீங்க." அதனால்தான் இத்தனையும் சொன்னேன். இனிச் சொல்லப்போவது செத்தவரைப் பற்றியது அல்ல.

வரும் திங்கட்கிழமை இங்கே பள்ளி தொடங்குகிறது. திங்கட்கிழமை காலை நாற்பத்தாறு கைப்பிடியும் மாட்டப்படும், படம் எடுக்கப்படும். மாலையில் கழற்றப்படும். ஏன்? பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தில், மாடி ஜன்னலைப் பிள்ளைகள் திறந்துவிடாதபடி கைப்பிடியைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது விதி. விதியை மதிக்கிற நகரம் இது! பிறகு கொதிகலன் எரியும்.

ஏற்பு ஆவணம் இதோ, மலர்களுக்குப் பக்கத்தில், பச்சை உறையில் இருக்கிறது. மூன்று கையெழுத்து ஆகிவிட்டது. நான்காவது ஆய்வாளருடையது. போன வாரம் என்னைப் பொறுப்பு ஆய்வாளர் ஆக்கினார்கள். கூட்டம் முடிந்ததும் போட்டுவிடு என்று பேனாவையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். என் வரலாறு தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

கலம்காஸ் அக்கா, நான் போடப்போவதில்லை. நீங்கள் வரைந்த ஜன்னல், குட்டிக் கதவோடு, நாற்பத்தாறு தனித்தனி அளவில், இந்தச் சுவரில் ஏறும்வரை போட மாட்டேன். உங்கள் அளவுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. பட்டறைக்கு நேற்றே எழுதிவிட்டேன். என்னையும் உங்கள் அறைக்கு மாற்றினால் வருகிறேன், ஒரு சுத்தியலோடு வருகிறேன். எனக்குப் பதிலாக வேறொருவரைப் பொறுப்பில் வைப்பார்கள், அதுவும் தெரியும். அதனால் இந்த ஆவணத்தை என் ஒருவனிடம் விட்டுவிடாதீர்கள், மக்களே.

எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்பது நம் வழக்கம். அது இந்த ஊரில் ஏற்கனவே போதுமான அளவு நடந்துவிட்டது. உட்கார்ந்தபடியே இருங்கள். திங்கட்கிழமை இந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் பெயர் கொடுத்திருப்பவர்கள் மட்டும் கையை உயர்த்துங்கள்.

இறக்காதீர்கள். துணை மேயர் அவர்களே, எண்ணுங்கள். வாய்விட்டு எண்ணுங்கள், பின்வரிசைக்கும் கேட்கட்டும். அவசரம் இல்லை.

போலத்கான், டோம்ப்ரா வாத்திய வகுப்புப் பட்டியலில் ஏழாவது பெயர் உங்கள் சின்ன மகளுடையது. நீங்களும் கையை உயர்த்தலாம். நாங்கள் காத்திருக்கிறோம்.