பார்த்தே இராத மூஞ்சி

பரண்டா ஸ்டாப்புலயா இறங்குறே தாயி? அப்போ பிள்ளைய இப்பிடிக் குடு. அட குடு, எம்மடி சும்மாத்தானே கிடக்கு. யம்மா, முளைச்சது ஒரு பல்லு, அதுக்கே என்ன கடி கடிக்கிறான்!

நானா? உஸ்மானாபாத் கோர்ட்டுக்குப் போயிட்டு வரேன். திருட்டுக் கேசு இல்ல, சிரிக்காதே. தியாகி பென்ஷன் கேசு. அப்போ நம்ம ஊரையெல்லாம் ஆண்ட நிஜாமை எதிர்த்தோம்ல, அதுக்கு. உன் மாமியாரே அப்போ பொறந்திருக்க மாட்டா.

நானும் துவாரகாவும் சோளரொட்டிக் கூடை தூக்குவோம். போகையில எல்லைக்கு அந்தாண்ட நம்ம போராட்டக்காரங்க முகாமுக்கு ரொட்டி. வரையில மிச்ச ரொட்டிக்கு அடியில தோட்டா. மேல மிளகாய்த் துவையலை அப்பி வச்சிருப்போம். கூடைய மோந்து பார்த்த நிஜாம் ஆளுங்க தும்மிக்கிட்டே போங்கடிம்பானுவ.

ஒருநா அவ மாட்டிக்கிட்டு ஜெயிலுக்குப் போனா. நான் மாட்டல. அதான் இப்போ வினை. ஜெயிலுக்குப் போனவளுக்கு ரிக்கார்டு இருக்கு. யார் கண்ணுலயும் படாம திரிஞ்சவளுக்கு யாரு சாட்சி? இவ எங்ககூட இருந்தவதான்னு ஜெயிலுக்குப் போன ஒருத்தர் வந்து சொல்லணுமாம். எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. மிச்சம் துவாரகா ஒருத்திதான்.

வந்தா, வந்தா. மகன்தான் கையப் பிடிச்சுக் கூட்டியாந்தான். இந்தம்மாவைத் தெரியுமான்னு ஜட்ஜ் ஐயா கேட்டாரு. என்னை மேலயும் கீழயும் பார்த்தா. இந்த மூஞ்சிய நான் பார்த்ததே இல்லீங்கன்னுட்டா. கேசு இனி நிக்காதுன்னு வக்கீலு எந்திரிச்சுட்டாரு.

பொறாமையா? சீச்சீ, அவளா! மறதின்னு மகன் சொல்றான். சொல்லட்டும்.

முதநா கூடை தூக்கையில துல்ஜாபூர் பவானி அம்மன் மஞ்சளைக் கையில வச்சு சத்தியம் பண்ணினோம் தாயி. ஒருத்தி மாட்டினா மத்தவள யாருன்னே தெரியாதுங்கணும். அவ மாட்டின அன்னிக்கு என்னையும் சந்தையிலருந்து இழுத்தாந்து அவ முன்னாடி நிறுத்தினானுவ. அவளுக்கு உதடு கிழிஞ்சு தொங்குது. இந்த மூஞ்சிய நான் பார்த்ததே இல்லீங்கன்னா. என்னை விட்டுட்டானுவ.

அதே வார்த்தை. இன்னிக்கும் அதே இழுப்பு.

ஜட்ஜ்கிட்டயா? சொல்லி? மறுபடி அவளைக் கூண்டுல ஏத்திக் குடைவாங்க. நான் மாட்டிக்கிட்டேன்னு நெனச்சு நெஞ்சு வெடிச்சுப் போவா. அப்புறம் கோர்ட்டு வராண்டாவுல, மகன் தண்ணி பிடிக்கப் போன நேரம் பார்த்து என் முந்தானைய இழுத்தா. காட்டிக்கொடுக்கலடி அனுசயா, ஓடிப்போயிடு, எங்க வீட்டுப் பக்கம் தலைகாட்டிடாதேன்னா. என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட இந்த உலகத்துல அவ ஒருத்திதான் மிச்சம்.

அதோ, பரண்டாக் கோட்டை தெரியுது. பிள்ளைய வாங்கிக்க, தூங்கிட்டான் பாரு.

துவாரகா வீடு மாவு மில்லுக்கு எதிர்வீடு தாயி. நான் போகக் கூடாது, சொல்லிட்டாளே. நீ போற வழிதானே, ஒரு எட்டுப் பாரு. என் பேரைச் சொல்லிடாதே, பயந்துடுவா. சாப்பிட்டாளான்னு மட்டும் கேளு.